அஸ்கருக்கு எந்த மட்டை?

1.
இந்தக் கதை கடையில் கிடைத்தது. டென்மார்க்கின் ஹோல்ஸ்டெப்ரோ ஊரில், விளையாட்டுச் சாமான் கடையொன்றில் மகளுக்கு ஷூ வாங்கக் காத்திருந்தேன். அடுத்த வரிசையில் ஒருவர் இறகுப்பந்து மட்டை ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மட்டை வாங்க யாராவது இப்படி வியர்ப்பார்களா? வீட்டுக்கு வந்ததும் அவருக்கு அஸ்கர் என்று பெயர் வைத்தேன். நாற்பத்தேழு வயதும் ஒரு விவாகரத்தும் கொடுத்தேன். வியர்வைக்குக் காரணம்தான் பாக்கி.

2.
முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் அஸ்கரின் இதயம்—"

வேண்டாம். என் கதைகளில் மழை தானாகவே வந்துவிடுகிறது.

இரண்டாவது: மூக்குக்கண்ணாடிக் கடையில் அஸ்கருடன் வேலை பார்க்கும் விபேக்கே, காபி நேரத்தில் கேட்டாள்.

"இறகுப்பந்து ஆடுவீங்களா?"

"கொஞ்சம்."

அப்பட்டமான உண்மை. அக்கா வீட்டுத் தோட்டத்தில் கோடையில் ஆடியிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் யாரும் தன்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. [அலமாரி நிறையக் கோப்பை வைத்திருப்பவரும் 'கொஞ்சம்' என்றுதான் சொல்வார்.]

"அடேயப்பா, இத்தனை நாளா மூச்சே விடலையே! வியாழக்கிழமை கிளப் ஆட்டத்துக்கு எனக்கு ஜோடி இல்ல. நீங்கதான் வரணும்."

அவளோடு பேச வழி தேடிக்கொண்டிருந்தவன், மறுத்துச் சொல்லவில்லை.

3.
விபேக்கே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ரொம்ப நல்லவளாக வந்துவிட்டாள். இப்படியே விட்டால் அஸ்கருக்கு ஆபத்தே இல்லை. அதனால் அவளுக்கு ஒரு பேச்சு எழுதினேன்:

"என் முன்னாள் புருஷன் எது கேட்டாலும் தலையாட்டுவார். அப்புறம் பார்த்தா ஒண்ணுமே நிஜமில்ல. இன்னொரு தடவை என்னால முடியாது, அஸ்கர்."

இனி அஸ்கருக்கு ஆபத்துதான்.

4.
மட்டை வாங்க அவளும் கூட வந்துவிட்டாள். [கடையில் நான் பார்த்தவர் தனியாகத்தான் இருந்தார். இது என் குறும்பு.]

"எத்தனை வருஷமா ஆடுறீங்க?" என்றாள் கடைப்பெண்.

"இவரைக் கேட்காதீங்க, வாயே திறக்க மாட்டார்," என்றாள் விபேக்கே. "தலை கனமா இருக்கிறதை எடுங்க. அடிச்சா எதிராளி நடுங்கணும்!"*

* தலை கனமாக, தண்டு விறைப்பாக இருக்கும் மட்டை, வேகமாக வீசப் பழகிய கைக்கு. மற்றவர்கள் எடுத்தால் தோள்பட்டை போய்விடும். புதிதாக ஆடுபவருக்கும் பொழுதுபோக்குக்கு ஆடுபவருக்கும் எடை குறைந்ததுதான் நல்லது. தண்டு நன்றாக வளையவேண்டும். கையில் வேகமில்லாவிட்டாலும் அந்த வளைவே பந்தைத் தள்ளிவிடும்.

ஆக, தனக்குச் சரியானதைக் கேட்டால் அஸ்கர் இப்போதே மாட்டிக்கொள்வான். கேட்காவிட்டால் வியாழக்கிழமை.

5.
முடிவு அ: கனமானதை வாங்குகிறான். வியாழக்கிழமை, ஒரு பந்துகூட வலையைத் தாண்டவில்லை. விபேக்கே தன் பையை மூடுகிறாள். எழுதிவிட்டுக் கிழித்துப்போட்டேன்.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறான். அவள் சிரிக்கிறாள். கல்யாணம். என் வாசகர்களுக்குப் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அவள் சிரிப்பாள் என்று எனக்கு யார் சொன்னது?

முடிவு இ: அந்த நேரம் பார்த்துக் கடையில் மின்சாரம்—

சே.

6.
நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, என்னைக் கேட்காமல் அஸ்கர் கனமான மட்டையைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டான்.

"புதுசா கத்துக்கிறவங்களுக்கு எதும்மா கொடுப்பீங்க?"

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்." பிறகு திரும்பி, "விபேக்கே, நான் கிளப் பக்கமே போனதில்ல. தோட்டத்துல ஆடினதோட சரி. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க வேற ஆளைப் பார்த்துடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

கடைப்பெண் எடை குறைந்த மட்டை ஒன்றை நீட்டினாள். அவன் கை போவதற்குள் விபேக்கே வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் தண்டை லேசாக வளைத்துப் பார்த்தாள். வளைந்தது. இதோ, நிமிரப்போகிறாள்.

இதற்குமேல் என்னால் ஆகாது. அந்த முகத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. நான் எழுந்து போய்விடலாம். அஸ்கருக்கு அந்த வசதி இல்லை, அவன் பார்த்தே ஆகவேண்டும். நீங்களாவது அவன் பக்கத்தில் போய் நில்லுங்கள்.