லொடலொட

சாரதாமணிக்கு ஆடுகிற பொருள் எதுவானாலும் ஒரே பேர்தான், லொடலொட. மேசைக் காலுக்கடியில் மடித்துச் செருகிய பனியன் வேஸ்ட் துணி நழுவினால் செக்கிங் டேபிள் லொடலொட. நாலு நாளைக்கு ஒரு கம்பெனி மாறும் கொழுந்தனாரின் வேலை லொடலொட. மண்ணரையில் அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் இரும்புப் படியோ எல்லாவற்றிலும் மூத்த லொடலொட. மாசமாயிருந்த அவள் மகள் அனுப்ரியா, மாடியிலுள்ள பேக்கிங்குக்கு அந்தப் படியில்தான் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் பெற்றவளின் கண் படியிலேயே இருந்தது.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் சோதனை வந்தது. கம்பெனிக்கு அது நோம்பித் திருநாள் மாதிரி. கக்கூசில்கூட சோப்பு மணக்கும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மானேஜர் வேல்குமார் பாடம் எடுத்தார். படியை மாற்றுவதைவிடப் பேரை மாற்றுவது சுலபம் என்று கண்டுபிடித்த மகா மூளை அவருடையது.

"அக்கா, லொடலொடன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. கொஞ்சம் ஃப்ளெக்சிபிள்னு சொல்லுங்க."

"ஏனுங்க சார், அதுல உளுந்தா எலும்பும் ஃப்ளெக்சிபிளா இருக்குமுங்களா?"

ஆடிட்டர் வந்து படியைப் பற்றி அவளிடமே கேட்டார். "லொடலொடங்க" என்று போட்டு உடைத்தாள். அவர் இரண்டு படி ஏறினார், ஏறிய வேகத்தில் இறங்கி நோட்டில் குறையென்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் படியடியில் பளபளவென்று ஒரு போர்டு தொங்கியது: 'ஒருவர் பின் ஒருவராக ஏறவும்'. அதைப் போட்டோ பிடித்து பையருக்கு அனுப்பியதும் குறை தீர்ந்துவிட்டதாம். படிக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை, அது பாட்டுக்கு ஆடியது.

சாரதாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அனுப்ரியா ஏறும்போதெல்லாம் கையிலிருந்த டீ-சர்ட் பீஸைப் போட்டுவிட்டு ஓடிப்போய், கைப்பிடிக் கம்பியை இரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கும்போதும் அப்படியே. டேபிளில் டீ-சர்ட் மலையாகக் குவிந்தது.

வேல்குமார் பாய்ந்து வந்தார். "என்னுங்கக்கா இது? பீஸையெல்லாம் ஆரு செக் பண்றது?"

"நாந்தானுங்க சார்" என்று கம்பியை விட்டாள். "நீங்க வந்து இதப் புடிச்சுக்கங்க. புள்ள எறங்குற வரைக்கும் உட்றாதீங்க."

சொல்லிவிட்டு டேபிளைப் பார்க்க நடந்தாள். மேலே அனுப்ரியா வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்துவிட்டாள். படி கிரீச்சிட்டது. செக்கிங் பெண்கள் அத்தனை பேரும் மானேஜரையே பார்த்தார்கள்.

வேல்குமார் தாவிப்போய்க் கம்பியைப் பிடித்தார். பிடித்த பிடியில் அவரும் சேர்ந்து ஆடினார்.

"மெதுவா கண்ணு, மெதுவா! ஆராவது வெல்டிங்காரனக் கூப்பிடுங்கப்பா!"