தலைவர் காதுக்குப் பிடிக்காத டேப்பட்

லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் மோரிஸ் மைனர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றபோது, நோயல் முதலில் செய்த காரியம் கழுத்தில் கட்டியிருந்த பட்டு ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டதுதான். பழைய கார் மன்றத்தின் உறுப்பினர் நடுவழியில் நிற்கலாம், கசங்கி நிற்கக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியாட்ரிஸ் காலையில் வண்டி கிளம்பியபோதே சந்தேகப்பட்டிருந்தாள். வழக்கமான டிக் டிக் இல்லை.

"டேப்பட்டைத் தொட்டியா?"

"லைட்டா."

"லைட்டான்னா?"

"சத்தம் போற வரைக்கும்."

மன்றத்தின் ஆண்டு ஊர்வலம் தொம்மலூர் மைதானத்தில் முடியும். அங்கே தலைவர் சாய்கிருஷ்ணா ஒவ்வொரு வண்டியின் பானட்டிலும் தண்ணீர் டம்ளரை வைத்து அலுங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கண்ணை மூடிக் காதைச் சாய்ப்பார். "இன்ஜின்னா தியானம்" என்பது அவருடைய தத்துவம். போன வருஷம் மோரிஸிடம் காதைச் சாய்த்தவர், "என்ன நோயல், ஜாக்கெட் தைக்கிறீங்களா?" என்று கேட்டார். மன்றமே சிரித்தது. தலைவருடைய கறுப்புக் காரில் துளிச் சத்தம் கிடையாது. விழா முடிந்ததும் உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தள்ளி அனுப்பிவைப்பது மன்றத்தின் மரபு. யார் எந்த இடத்தில் கைவைப்பது என்பதற்குக்கூட சீனியாரிட்டி உண்டு. பதினோரு வருஷ உழைப்பில் நோயலுக்குப் பின்பக்க இடது விளக்கு கிடைத்திருந்தது.

டேப்பட்டைத் தானே செட் பண்ணுவதாக நோயல் மன்றத்தில் சொல்லிவைத்திருந்தான். உண்மையில் அவன் கம்பெனிக் கையேட்டைப் பாதிரியார் குரலில் உரக்க வாசிப்பான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உதவி மேலாளரான பியாட்ரிஸ் ஸ்பேனரைப் பிடிப்பாள். டேப்பட் செட் பண்ணுவதென்றால், வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வைப்பது. சூட்டில் இரும்பு நீளும்; நீள இடம் வேண்டும். அந்த இடைவெளிதான் டிக் டிக் என்று பேசுவது. அதை மூடினால் வண்டி அமைதியாகிவிடும். சூடேறியதும் வால்வு வாய் மூடாது, இன்ஜினுக்குள் மூச்சு தங்காது.

"போன வருஷம் அத்தன பேர் சிரிச்சாங்க, பியா."

"என் வேலையப் பாத்துதான சிரிச்சாங்க? அது என் வேலைன்னு ஒருத்தருக்காவது தெரியுமா?"

அவள் இறங்கி, பானட்டைத் திறந்து, கையை நீட்டினாள். "ஸ்கார்ஃபக் கொடு."

"இது சில்க்கு."

"கவர் கொதிக்குது."

பட்டால் பிடித்து வால்வு மேலிருந்த கவரைக் கழற்றினாள்; பட்டு, எண்ணெயில் நனைந்தது. கைப்பையிலிருந்து, இடைவெளி அளக்கும் மெல்லிய எஃகுத் தகட்டை எடுத்தாள். நோயல் முன்னால் குனிந்து, கைப்பிடியைச் செருகி இன்ஜினை மெல்லச் சுற்றினான். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்ததும் ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும். ஏழாவது திறந்ததும் இரண்டாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. கையேடு வீட்டில் இருந்தது; அவளுக்கு வாசிக்க ஆள் தேவைப்படவில்லை. தகடு லேசாகப் பிடித்து வழுக்குகிற இடத்தில் திருகை நிறுத்தி நட்டை இறுக்கினாள்.

ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். "என்ன மேடம், ஆயுத பூஜையா?"

"ஆமா. தேங்காய்தான் இல்ல, தலைய நீட்டுறீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மோரிஸ் ஒரே சுற்றில் கிளம்பியது. டிக் டிக்.

மைதானத்தில் சாய்கிருஷ்ணா டம்ளரை வைத்தார், கண்ணை மூடினார், உடனே திறந்தார். "மறுபடியும் ஜாக்கெட்டா? இந்த டேப்பட்ட யார் செட் பண்ணது?"

உறுப்பினர்கள் சிரிக்கத் தயாரானார்கள். நோயலின் கை, ஸ்கார்ஃப் இல்லாத கழுத்தைத் தடவியது.

"என் வைஃப் சார். எப்பவும் அவதான். நான் புக்கு மட்டும் வாசிப்பேன். இன்னிக்கு பாலத்து மேல, அதுவும் இல்லாமலே பண்ணா."

சிரிப்புக்கு எங்கே இறங்குவதென்று தெரியவில்லை. சாய்கிருஷ்ணா மதிப்பெண் தாளில் பெரிய பூஜ்யம் போட்டுவிட்டுத் தன் வண்டிக்குப் போய்ச் சாவியைத் திருகினார். அது தியானத்திலேயே இருந்தது. மரபுப்படி எல்லோரும் ஓடிவந்து அவரவர் இடத்தில் கைவைத்தார்கள். பின்பக்க இடது விளக்கு மட்டும் காலியாக இருந்தது.

"நோயல், வாங்க!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

நோயல் மோரிஸின் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். ஓட்டுகிற இருக்கைக்கு மாறி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பியாட்ரிஸ் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு கியரைப் போட்டாள். முன்னால், ஓசையே இல்லாத கறுப்புக் கார் மனித மூச்சிரைப்பில் வாசலை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பின்னால் மோரிஸ் டிக் டிக் என்று காத்துக் காத்து வந்தது. எடுக்க மறந்த தண்ணீர் டம்ளர் அதன் பானட்டின் மேல் அப்படியே நின்றிருந்தது.