நடக்காத கூட்டத்தின் தீர்மானம்

அந்தப் பன்னாட்டுப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் ஏழு இடங்கள். தலைவர், அவர் குடும்பத்தார் மூன்று பேர், பிரின்சிபல், பெற்றோர் சார்பில் ஒரு பல் டாக்டரம்மா. ஏழாவது நாற்காலி பேருக்குத்தான் இருந்தது. தரச் சான்றிதழைப் புதுப்பிக்க வந்தவர்கள், "ஆசிரியர் பிரதிநிதி எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போன பிறகுதான் அவசர அவசரமாகத் தேர்தல் வைத்தார்கள்.

கெமிஸ்ட்ரி டீச்சருக்கு அதில் நிற்கும் எண்ணமே இல்லை. பிரின்சிபல்தான் லேப் வரைக்கும் நடந்து வந்து, "நீங்க உள்ள இருந்தா எனக்கும் தெம்பா இருக்கும்" என்றார். மழலையர் பிரிவில் வேலை பார்த்த அவள் நாத்தனார் ஸ்டாஃப் ரூமில் மேசை மேசையாகப் போய் ஓட்டுக் கேட்டாள். "தைரியமா போடுங்க. எங்கண்ணன் வாயையே அடைச்சவங்க, போர்டு எம்மாத்திரம்?" எல்லோரும் சிரித்தார்கள், போட்டார்கள். அறுபத்திரண்டில் ஐம்பத்தேழு ஓட்டு.

முதல் கூட்டம் வியாழக்கிழமை மூன்று மணிக்கு. கடைசி பீரியட் இல்லாததால் டீச்சர் இரண்டரைக்கே போய்விட்டாள். நீள்வட்ட மேசை. ஏழு தண்ணீர் பாட்டில், ஏழு ஃபைல். குழுவின் வேலைகளைப் பார்க்கும் எழுத்தரம்மா, "உங்களுது அந்தக் கடைசி சேர்" என்று காட்டிவிட்டு, போன் வந்ததால் வெளியே போனாள்.

டீச்சர் ஃபைலைத் திறந்தாள். நிகழ்ச்சி நிரலுக்குப் பின்னால் இன்னொரு தாள் இருந்தது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. பழைய கூட்டத்துடையது என்று நினைத்துத்தான் படித்தாள். தேதியைப் பார்த்தால் இன்றைய தேதி. 'கூட்டம் 3.00 மணிக்குத் தொடங்கி 4.10க்கு முடிந்தது. தலைவர் புதிய ஆசிரியர் பிரதிநிதியை வரவேற்றார். அவர் நன்றி தெரிவித்தார்.'

நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தெட்டு.

நான்காவது தீர்மானம்: பதினோரு ஆசிரியர்களின் ஒப்பந்தத்தை அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிப்பதில்லை. முன்மொழிந்தவர்: ஆசிரியர் பிரதிநிதி. ஒருமனதாக நிறைவேறியது. கீழே பெயர்கள். மூன்றாவதாக நாத்தனார்.

 எழுத்துகள் துல்லியமாகத் தெரிந்தன, ஆனால் அவற்றுக்கு அர்த்தம் பிடிபடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

திரும்பி வந்த எழுத்தரம்மா பதறினாள். "அய்யய்யோ, அது உங்க ஃபைல்ல வரக்கூடாதே!"

"இன்னும் கூட்டமே நடக்கலையே?"

"எப்பவும் முன்னாடியே அடிச்சு வெச்சுடுவேங்க. சொல்றதை அடிப்பேன். ஆறு வருஷத்துல ஒரு வரி மாத்த வேண்டி வந்ததில்ல."

"முன்மொழிஞ்சதா என் பேரை யாரு போடச் சொன்னது?"

எழுத்தரம்மா கதவைப் பார்த்தாள். "பிரின்சிபல் சார்" என்றாள், உதடு மட்டும் அசைய.

தாளைத் திருப்பித் தரவில்லை டீச்சர். எழுத்தரம்மாவும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் வந்தார்கள். தலைவர் வரவேற்றார். "நன்றிங்க" என்றாள் டீச்சர். சொன்ன பிறகுதான் உறைத்தது, தாளில் இருந்தபடியே சொல்லியிருக்கிறோம் என்று. 

நான்காவது தீர்மானம் வந்ததும் பிரின்சிபல் இதமாகச் சிரித்தார். "இதை நம்ம டீச்சரே முன்மொழிஞ்சா பொருத்தமா இருக்கும்."

"அந்தப் பதினோரு பேர் யாரு சார்?"

"லிஸ்ட் அப்புறமா அனுப்புறோம்."

டீச்சர் எழுந்து நின்று பதினோரு பெயர்களையும் படித்தாள். மூன்றாவது பெயரில் குரல் கொஞ்சம் உடைந்தது. "இந்தக் கூட்டம் நாலு பத்துக்கு முடிஞ்சுடுச்சுன்னு இதுல இருக்கு. இப்ப மணி மூணு இருபது."

 டாக்டரம்மா எட்டித் தாளை வாங்கிப் படித்தார்.  "எல்லாருமா ஆதரிச்சோம்னு போட்டிருக்கே. இப்படி எத்தனை தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன் நான்?"

"நடைமுறைதாம்மா இது. நேரம் மிச்சமாகும்" என்றார் தலைவர்.

"நான் முன்மொழியல. எதிர்க்கிறேன். அதை எழுதுங்க" என்றாள் டீச்சர்.

"எழுதலைன்னா சான்றிதழ் கொடுத்தவங்களுக்கு நான் எழுதுவேன்" என்றார் டாக்டரம்மா.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

வராந்தாவில் பிரின்சிபல் பின்னாலேயே வந்தார். "ஏன் சார் என் பேரு?" என்று கேட்டாள்.

"நீங்க சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. அதுக்குத்தானே உங்களை நிக்கச் சொன்னேன்." மழை வரும் போலிருக்கிறது என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. லேபுக்குப் போய், பூட்டிய அலமாரிகளைப் பார்த்தபடி வெகுநேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

நாலரை தாண்டி ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. எல்லோர் கையிலும் போன். பிரின்சிபல் காலையிலேயே எழுதி, நாலரைக்குத் தானாகப் போகும்படி வைத்திருந்த மின்னஞ்சல் போய்ச் சேர்ந்திருந்தது. கலவரத்தில் அதை நிறுத்த மறந்திருக்கிறார். 'உங்கள் பிரதிநிதி முன்மொழிந்தபடி' என்று தொடங்கியது அது.

நாத்தனார் போனை நீட்டினாள். "அண்ணி, நீங்களா?"

டீச்சர் போனை வாங்கிப் படித்தாள், மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.   மூலையில் யாரோ, "சொந்த நாத்தனாரையே" என்று முணுமுணுத்தார்கள்.

கதவு திறந்தது. ஆறு வருடத்தில் ஒருநாளும் ஸ்டாஃப் ரூமுக்கு வராத எழுத்தரம்மா கையில் ஒரு தாளோடு நின்றாள். அன்று நடந்ததை நடந்தபடி எழுதிய குறிப்பு. உரக்கப் படித்தாள். "மெயில்ல இருக்கறது நான் நேத்தே அடிச்சு வெச்ச குறிப்புலருந்து எடுத்தது. இது இன்னைக்கு நடந்தது. எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்." 

அடுத்த இரண்டு மாதத்தில் சான்றிதழ் கொடுத்தவர்களிடமிருந்து விசாரணை வந்தது. பிரின்சிபல் சொந்தக் காரணங்களுக்காக விலகினார். தலைவரை யாரும் அசைக்கவில்லை. பதினோரு பேரில் ஏழு பேருக்கு ஒப்பந்தம் புதுப்பித்தார்கள், நாத்தனாருக்கும் சேர்த்து. நால்வர் போனார்கள். எழுத்தரம்மாவை நூலகத்துக்கு மாற்றினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது நாத்தனார் சொன்னாள், "அன்னைக்கு ஒரு நிமிஷம் நம்பிட்டேன் அண்ணி."

"தெரியும்."

"கோவமா?"

டீச்சர் போர்வையின் மறுமுனையை அவள் கையில் கொடுத்தாள். "அந்த மெயிலை நானும் நாலு தடவை படிச்சேன். அவ்வளவு நல்லா எழுதியிருந்தான் அந்தப் பிரின்சிபல், எனக்கே நாமதான் சொல்லிட்டோமோன்னு ஆயிடுச்சு. இழுத்துப் பிடி, நுனி தரையில படுது."