பதினொரு பெண்களுக்கு ஒரே எண்

ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரக் குறி ஒரு மனுஷியை என்ன பாடு படுத்தும் என்று பைல் அக்காவைக் கேட்டால் சொல்வாள். கேட்கத்தான் ஆளில்லை.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் கோப்பு, தேதி, பீரோ சாவி எல்லாம் அவள் பொறுப்பு. அதனால் அந்தப் பெயர். அவளைவிட நாலு வயது மூத்த வக்கீலம்மாவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சப்படக்கூட நேரமில்லாமல் போயிற்று.

வருட ஆரம்பத்தில் புது மென்பொருள் வந்தது. கூடவே புது விதிகளும் வந்தன. சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி மேடம் வந்து இரண்டு நாள் உட்கார்ந்தார். நல்ல பெண்மணி, பொறுமைசாலி, குறை சொல்ல முடியாது. காகிதக் கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்துவிட்டுக் கிழித்துவிட வேண்டும். சுவரில் தொங்கிய தேதிப் பலகையை இறக்க வேண்டும், காத்திருப்பவர்கள் அடுத்தவர் பெயரைப் படித்துவிடுகிறார்கள். சொந்தப் போனில் கட்சிக்காரர் விஷயம் எதுவும் கூடாது. வேறொரு அலுவலகத்தில் ஒருவருடைய போன் தொலைந்து, அதிலிருந்த பெண்களின் விலாசமெல்லாம் யார் கைக்குப் போகக் கூடாதோ அவர்கள் கைக்கே போயிற்றாம். அக்கா தலையாட்டினாள். அதில் தலையாட்டாமல் இருக்க என்ன இருக்கிறது?

அறுநூற்று நாற்பது கோப்பை அவள் ஒருத்தியே கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு படிவத்திலும் போன் எண் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. எண் அடிக்காவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. தலைகீழாக நின்றாலும் திறக்காது.

பதினொரு பெண்களுக்கு எண் இல்லை. போன் இல்லை என்று அர்த்தமில்லை, போன் அவர்கள் கையில் இல்லை. ஒருத்தி போன் மாமியார் இடுப்பில் இருந்தது. ஒருத்தி போனில் வருவதையெல்லாம் புருஷன் முதலில் படித்தான். தையல்காரியின் கதை வேறு. புருஷனை விட்டு வந்து, ஆறு வயது மகளோடு அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தாள். வீட்டில் ஒரே போன். அது அண்ணன் சட்டைப் பையில் இருந்தது. அண்ணனோ மாப்பிள்ளை பக்கம் இருந்தார். ஒருமுறை வழக்குத் தேதி அவர் காதுக்குப் போய், அன்றைக்கு அவளை வெளியே விடாமல் கதவைப் பூட்டிவிட்டார்.

பழைய கோப்பில் அட்டையின் உள்பக்கம் அக்கா பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்: 'போன் வேண்டாம். தையற்கடைக்கு நேரில் போய்ச் சொல்லவும்.' கணினியில் பென்சிலுக்கு இடமில்லை. பயிற்சி மேடத்திடம் கேட்டிருந்தால் ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லியிருப்பார், அதற்கு ஒரு பதில் வரும், பதிலுக்கு ஒரு பதில் போகும். சாயங்காலம் ஆறு மணி, கண் எரிந்தது. அக்கா தன் சொந்த எண்ணை அடித்தாள். பக்கம் திறந்தது. பதினோராவது பெண்ணுக்கு வரும்போது யோசிக்கக்கூட இல்லை, கை தானாக அடித்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு நாள் முன்னால், சாயங்காலம் ஏழு மணிக்கு, அவள் போன் கத்தும். 'அன்புள்ள கட்சிக்காரரே, தங்கள் விவாகரத்து மனு நாளை மறுநாள் விசாரணைக்கு வருகிறது.' அவள் புருஷன் படித்துவிட்டு, "இந்த மாசத்துல இது உனக்கு நாலாவது விவாகரத்து. என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்பார். மறுநாள் அவள் யாருடைய தேதி என்று கணினியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியை வளைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கோ காய்கறிக் கடைக்கோ தையற்கடைக்கோ போய், காதோடு தேதியைச் சொல்லிவிட்டு வருவாள். கால் கடுக்கும். வீட்டில் ஏன் லேட் என்று கேட்பார்கள். அவள் அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஆறு வாரம் கழித்து விதிகளையெல்லாம் அச்சடித்து ஆளுக்கொரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். சொந்தப் போன் கூடாது என்பது நாலாவது விதி. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பதினொரு பதிவையும் திருத்த வேண்டும், விளக்கம் எழுத வேண்டும், வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமையோடு போன் அடங்கிவிட்டது. சனி, ஞாயிறு, திங்கள் என்று ஏழு மணி சத்தமில்லாமல் வந்து போயிற்று. அதை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்தாள், சந்தோஷப்பட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கால் நீட்டி நன்றாகத் தூங்கினாள். பின்னால் அவள் மனசைப் போட்டு அரித்தது அந்தத் தூக்கம்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் தையல்காரி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"அக்கா, பள்ளிக்கூடத்துல புள்ள இல்ல. அவர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாராம். கையில கோர்ட்டு காகிதம் வச்சிருந்தாராம்."

"என்ன காகிதம்?"

"தெரியலக்கா. கேஸ் தள்ளுபடியாயிடுச்சுன்னு டீச்சர்கிட்ட காட்டினாராம். தேதி அடுத்த மாசம்தான்னு நெனச்சுட்டிருந்தேன். நீங்க வந்து சொல்லவே இல்லையே."

நீங்க வந்து சொல்லவே இல்லையே. அவள் குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.

கணினியில் தையல்காரியின் பதிவைத் தேடினாள். இல்லை. மாமியார் இடுப்பில் போன் இருந்தவளைத் தேடினாள். அவளும் இல்லை. பதினோராவதாக, கடைசியில் ஏற்றிய காய்கறிக் கடைக்காரி மட்டும் இருந்தாள். படிக்காமல் கிடந்த நாற்பத்து மூன்று மின்னஞ்சல்களுக்கு நடுவில் வெள்ளிக்கிழமை வந்த ஒன்று கிடைத்தது: ஒரே போன் எண் கொண்ட பதிவுகள் ஒரே நபராகக் கருதி இணைக்கப்பட்டன. பதினொரு பெண்கள் சேர்ந்து ஒரு பெண்ணாகியிருந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். மிச்சம் பத்துப் பேரின் தேதியும் போயிற்று. வக்கீலம்மாவின் அன்றாடப் பட்டியலும் அதே கணினியிலிருந்து வருவதால் அவரும் செவ்வாய்க்கிழமை அந்த நீதிமன்றத்துக்குப் போகவில்லை. நீதிமன்றத்தில் மூன்று தடவை தையல்காரியின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வராததால் மனு தள்ளுபடி, குழந்தை தாயிடம் இருக்கட்டும் என்ற உத்தரவும் அதோடு போயிற்று.

அக்கா வக்கீலம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"திட்டுறதுக்குக்கூட தெம்பில்ல அக்கா" என்றார். "மறுபடி மனுவை எடுத்துக்கச் சொல்லி நாளைக்கே போட்டுடலாம். ஏன் வரலன்னு கேப்பாங்க. காய்ச்சல்னு போட்டுடுங்க."

அந்த நீதிமன்றத்தில் தாக்கலாகும் பிரமாணப் பத்திரங்களை நம்பினால் ஊரில் பாதிப் பேருக்கு எப்போதும் காய்ச்சல்தான். நீதிபதிக்கும் தெரியும், எதிர்க்கட்சி வக்கீலுக்கும் தெரியும், அவரும் போன வாரம் காய்ச்சல் என்றுதான் எழுதியிருப்பார். அக்கா ஒரு நூறு காய்ச்சலாவது தட்டச்சு செய்திருப்பாள். தையல்காரியை எதிரில் உட்காரவைத்துவிட்டு ஆரம்பித்தாள். 'மனுதாரர் கடும் காய்ச்சலால்' என்பதோடு கை நின்றது.

புருஷன் தரப்பு போட்ட பதிலில் முதல் பக்கத்திலேயே இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. மனைவி சீக்காளி, மிஷின் முன்னாலேயே மயங்கி விழுகிறவள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் திராணி இல்லாதவள். அவர்களுக்கு வேண்டியதை இவளே எழுதி, முத்திரை குத்திக் கொடுக்கப் போகிறாள். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வது என்றால் இதுதான்.

எழுந்துபோய் வக்கீலம்மாவிடம் சொன்னாள்.

"தெரியும் அக்கா. நானும் யோசிச்சேன்" என்றார் அவர். "வேற என்ன எழுதறது? நிஜத்தை எழுதினா, அது நீங்க. நாலாவது விதிக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்கு. கோர்ட்டுல போட்டா மேல போகும். என்னால மறைக்க முடியாது."

கதவு சாத்தியிருக்கவில்லை. தையல்காரிக்கு எல்லாம் கேட்டிருந்தது. அக்கா திரும்பி வந்து உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"காய்ச்சல்னே எழுதுங்கக்கா. உங்களுக்கு ஒண்ணும் ஆக வேண்டாம். எனக்கு நிஜமாவே உடம்பு சுடுற மாதிரிதான் இருக்கு."

இதைச் சொன்னவளின் பிள்ளை அன்று காலையில்தான் பறிபோயிருந்தது. அக்காவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவளுக்கு இப்படி யாரும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

காய்ச்சலை அழித்தாள். புதுப் பக்கம் எடுத்தாள். 'மேற்படி அலுவலகத்தில் கோப்பு எழுத்தராகப் பணிபுரியும் நான் உறுதிமொழிந்து கூறுவது யாதெனில்' என்று தொடங்கி, எண்ணை, கையெழுத்தை, மூன்றே வரியில் எல்லாவற்றையும் எழுதினாள். 'மனுதாரருக்குத் தேதி தெரியாது. தெரிவித்திருக்க வேண்டியவள் நான்.' பிழை திருத்தக்கூட ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை மனுவைப் போட்டுவிட்டு, நீதிமன்ற அலுவலக ஜன்னலில் கால் மரத்துப்போக நின்று மற்றப் பத்துப் பேரின் தேதியையும் எழுதி வாங்கிவந்தாள். நல்லவேளை, வேறு யாருக்கும் தவறவில்லை.

திங்கட்கிழமை நீதிபதி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். அக்காவை முன்னால் வரச் சொன்னார்.

"உங்க சொந்த நம்பரை ஏன் போட்டீங்க?"

"போடாம அடுத்த பக்கம் போகலைங்க ஐயா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, அலுவலகத்தின் அலட்சியத்துக்கு என் கட்சிக்காரர் பொறுப்பில்லை என்றார். குழந்தையும் பொறுப்பில்லையே என்று நீதிபதி சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். மனு மறுபடி கோப்பில் எடுக்கப்பட்டது. பழைய உத்தரவு தொடரும், சாயங்காலம் நாலு மணிக்குள் குழந்தையை நீதிமன்றத்திலேயே ஒப்படைக்க வேண்டும்.

மூன்று மணிக்கே மேலிடத்திலிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் வந்திருந்தது. நாளையிலிருந்து விசாரணை முடியும்வரை பைல் அக்கா கணினிப் பதிவுகளைத் திறக்கக் கூடாது, கட்சிக்காரர்களைச் சந்திக்கவோ பேசவோ கூடாது. வேலை போகுமா நிற்குமா என்பது பிறகு தெரியும். வக்கீலம்மா அதைத் தலையை நிமிர்த்தாமல் படித்துக் காட்டினார். எண் இல்லாதவர்களுக்குத் தனிக் கட்டம் ஒன்று சேர்க்கிறோம் என்று பயிற்சி மேடமும் எழுதியிருந்தார். அதற்கு நாலு மாதம் ஆகுமாம்.

"அதுவரைக்கும் அந்தப் பதினொரு பேருக்கு யாரு சொல்றதும்மா?"

"நான் போறேன் அக்கா. முடிஞ்சவரைக்கும் போறேன்" என்றார் வக்கீலம்மா. ஒரு நாளைக்கு நாலு நீதிமன்றம் ஏறி இறங்குகிறவர். இருவருக்கும் அந்த 'முடிஞ்சவரைக்கும்' புரிந்தது.

நாலு மணிக்கு அக்கா நீதிமன்ற வராந்தாவுக்குப் போனாள். இன்னும் நாளை ஆகவில்லை. பிள்ளையைப் புத்தகப் பையோடு விட்டுவிட்டுப் புருஷன் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான். தையல்காரி மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். தூக்குகிற வயசில்லை, பிள்ளையின் கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"அடுத்த தேதி என்னைக்கு அக்கா?"

"இருபத்தி மூணாம் தேதி. செவ்வாய்க்கிழமை. காலைல பத்தரை. சொல்லு பாப்போம்."

"இருபத்தி மூணு, செவ்வாய், பத்தரை." அவள் சிரித்தாள். "நீங்கதான் முன்னாடியே கடைக்கு வந்து சொல்லுவீங்களே."

"வர மாட்டேன்மா. இனிமே வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

சிரிப்பு நின்றது. "காகிதத்துல எழுதிக் குடுங்கக்கா" என்று ஆரம்பித்து, அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். வீட்டில் அவள் பையை அண்ணன் தினமும் துழாவுவார்.

"அதனாலதான் சொல்லச் சொல்றேன். மறுபடியும் சொல்லு."

"இருபத்தி மூணு, செவ்வாய், பத்தரை."

"இன்னொரு தடவை."

தையல்காரி பிள்ளையை மறுபக்கம் மாற்றி வைத்தாள். அவள் கண் சிவந்திருந்தது. நாலு நாளாகத் தூங்காத முகம். "இருபத்தி ரெண்டு" என்றாள்.

"மூணு" என்றாள் அக்கா. புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் இடம்வரை அவளோடு நடந்தாள். வழியெல்லாம் அவளைச் சொல்லவைத்துக்கொண்டே போனாள்.