கவுளி சொன்ன ஊசி

எருமப்பட்டி சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு: போர்வெல் வண்டி அதிபரும் கோயில் திருப்பணிக் கொடையாளருமான உயர்திரு வெங்கடாசலம் அவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்ளலாமா என்று அம்மனிடம் கேட்பதற்காக இன்று மதியம் கோயில் மண்டபத்தில் எழுந்தருளியிருக்கிறார்.

கால் பெருவிரலில் ஆறாத புண். ஊசி போடாவிட்டால் காலையே எடுக்க நேரும் என்று அஸ்தம்பட்டி டாக்டர் சொல்லிவிட்டார். வெங்கடாசலமோ கவுளி சொல்லாமல் ஒரு குழிகூடப் போட்டவரில்லை. வலப்பக்கம் பல்லி கத்தினால்தான் அம்மன் உத்தரவு. அதன்பிறகே வண்டி துளைக்கும்.

"பூமியத் தொளைக்கவே உத்தரவு கேக்கறேன். ஒடம்பத் தொளைக்கக் கேக்காம இருப்பனா?" என்றவர் கண்களை மூடிக்கொண்டார்.

மனைவி காளியாத்தாள், ஐஸ் பிளாஸ்க்கில் ஊசி மருந்தோடு வலப்பக்கத் தூணோரம் உட்கார்ந்தாள். வெயில் கல்தரையில் ஊர்ந்தது. பல்லி கத்தவில்லை.

"ஏனுங்க பூசாரி, கவுளியெல்லாம் எங்கீங்க போச்சு?" என்று மெல்லக் கேட்டாள்.

"உங்கூட்டுக்காரரு காசுல பெயின்ட் அடிச்சமல்லங்க, அந்த வாசத்துக்கு ஒண்ணுவிடாம ஓடிப்போச்சுங்க."

கொடையாளர் பெயர் மட்டும் சுவரில் எந்தப் பல்லியையும்விடப் பெரிதாக ஒட்டிக்கொண்டிருந்தது.

வெங்கடாசலம் கண்ணயர்ந்தார். கனவில் அவரே உழவுக் காடாகப் படுத்திருந்தார். அவருடைய வண்டி தொப்புள்மேல் நின்று சத்தமில்லாமல் துளைத்தது. உள்ளிருந்து கரும்புச்சாறு பொங்கி, வரப்புகளை மூடி, கண்ணுக்கெட்டும் தூரம்வரை பளபளவென்று விரிந்தது. எறும்புகள் வரிசையாக வந்து அவர் காலை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போயின. கால் திரும்பிப் பார்த்து, "வாரேன் சாமி" என்றது.

புண்மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. காளியாத்தாள் ஈயைப் பார்த்தாள், அம்மனைப் பார்த்தாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "ச்சு... ச்சு... ச்சு" என்றாள்.

வெங்கடாசலம் துள்ளி எழுந்தார்.

"கேட்டியா புள்ள! வலப்பக்கம்!"

"ஆமாங்க, நல்லாவே கேட்டுச்சுங்க. சட்டையத் தூக்குங்க."

அம்மன் சாட்சியாக ஊசி இறங்கியது.

நாளடைவில் புண் ஆறியது. அவர் அதோடு விட்டாரா? காலையில் நடக்கலாமா, சாயங்கால முறுக்கை நிறுத்தலாமா, செருப்பு மாற்றலாமா என்று ஒவ்வொன்றுக்கும் மண்டபத்தில் போய்க் கண்மூடி உட்கார்ந்தார். உத்தரவு ஒருநாளும் தவறவில்லை. மனம் நெகிழ்ந்து வெள்ளியில் பல்லி செய்து சாத்தினார்.

கால் தப்பியது. காளியாத்தாளுக்கு நாக்கில் புண்.