தட்டில் எட்டுக் கால்கள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. மயூர் விஹார் போகும் மெட்ரோவில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண், "ஒரு நண்டுக்காக நான் ஏங்க்கா படிப்ப விடணும்?" என்றாள். திரும்புவதற்குள் அவளும் கூட இருந்தவளும் இறங்கிவிட்டார்கள். டெல்லியில் என்ன நண்டு, என்ன படிப்பு? எனக்கு வேறு வேலை இல்லையா? இருந்தும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'அலைகள் கரையைத்' — வேண்டாம். இந்த ஊரில் அலை ஏது.

இரண்டாவது: 'அகல்யா களைத்திருந்தாள்.' இது இருக்கட்டும், எனக்கும் பொருந்துகிறது.

2

அகல்யா களைத்திருந்தாள். கரையோர நண்டுகளின் மரபணுவைப் பார்த்து, எந்தக் கரையில் எந்த வகை, அவற்றுக்குள் எவ்வளவு வேறுபாடு என்று வரைபடம் போடுவது அவள் வேலை. சோதனைக்கு ஒரு நண்டிலிருந்து ஒரு கால் போதும். கெடாமலிருக்கச் சாராயக் குப்பியில் போட்டு டெல்லி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

(வேறுபாடு குறைந்தால் இனம் நலிகிறது என்று பொருள். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.)

நாகப்பட்டினம் பக்கத்து நண்டுகள் எட்டும் மரபணுவில் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. ஆய்வுக்கூடத்தை நடத்தும் சாருக்கு ஏகக் குஷி. அந்தக் கரையில் நண்டு பிடிக்கத் தடை கேட்டு அறிக்கை அனுப்பலாம் என்றார். கரைக்குப் போய்க் கால்களை வாங்கி வந்த மாணவி ஹம்சாவின் முனைவர் பட்டத்துக்கும் அதுதான் கடைசி அத்தியாயம். இந்த மாதம் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

அகல்யா தூத்துக்குடிக்காரி. நண்டு தின்று வளர்ந்தவள். அவளுக்கு எங்கோ இடித்தது. எட்டுக் குப்பிகளையும் திறந்து, கால்களைத் தட்டில் அடுக்கினாள். இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு. நீந்துவதற்கான துடுப்புக்கால் சரியாக ஒரு ஜோடி. நடுவில் உடம்பும் முன்னால் கொடுக்கும் மட்டும்தான் இல்லை.

3

(ஹம்சாவை முதலில் ஏமாற்றுக்காரியாக எழுதினேன். மெட்ரோவில் கேட்ட குரல் அப்படி இல்லை. எழுதியதை அடித்துவிட்டேன்.)

"ஹம்சா, கால நீயாடி ஒடிச்ச?"

"நானா? சீ! எங்காத்துல முட்டையே வாங்க மாட்டா. வாசனை தாங்கல அக்கா. துப்பட்டாவ மூக்குல வச்சுண்டு தூர நின்னேன். எட்டு நண்டுலேர்ந்து ஆளுக்கொரு காலா போட்டுக் குடுங்கோன்னு மீன்காரம்மாகிட்ட குப்பிய நீட்டினேன். பஸ், அவ்வளவுதான்."

"கால் போன நண்ட எவ வாங்குவா? எட்டு நண்ட எதுக்குப் பாழாக்கணும்னு ஒண்ணோட கால்களையே ஒடிச்சுக் குடுத்துட்டா. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

ஹம்சா தட்டைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"சோடோ நா அக்கா, விட்டுடுங்கோ. யாருக்குத் தெரியப்போறது?"

"தடை வந்தா அந்தம்மா அடுப்பு எரியாதுடி."

"ஒரு நண்டுக்காக நான் ஏங்க்கா படிப்ப விடணும்?"

அகல்யாவுக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. இந்தப் பெண்ணைக் கரைக்குத் தனியே அனுப்பியவள் அவள்தான்.

4

முடிவு அ: அகல்யா சாரிடம் சொல்கிறாள். ஹம்சா சரோஜினி நகரில் ஏதோ டியூஷன் சென்டரில் — இதை எழுத மனசு வரவில்லை.

முடிவு ஆ: அகல்யா வாயைத் திறக்கவில்லை. தடை வருகிறது. அந்த மீன்காரம்மாள் காலிக் கூடையோடு — இதையும்தான்.

முடிவு இ: சாரே கண்டுபிடித்து, பெருந்தன்மையாக அவகாசம் — நானும் சார்களைப் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

5

எனக்கு அலுத்துவிட்டது. கதையை அது நின்ற இடத்தில் விடுகிறேன். ஹம்சா சுவரைப் பார்த்து நிற்கிறாள். சாரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்கிறது. தட்டில் நண்டு அப்படியே கிடக்கிறது. பார்க்கிற யாருக்கும் அது ஒரே நண்டு என்று தெரியும். இரண்டு கால்களை இடம் மாற்றி வைத்தால் போதும், வெறும் எட்டுக் கால்களாகிவிடும்.

அகல்யா கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மேசை மேல் இன்னொரு ஜோடி கையுறை இருக்கிறது. உங்கள் கைக்குச் சரியாக இருக்கும்.