நான்கு விநாடிக் கெட்டிமேளம்

ஷௌகத் அலிக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. வேறு தொழில்காரருக்கு என்றால் முறுக்கு கடிக்க முடியாத சங்கடம், அவ்வளவுதான். கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசிக்கிறவருக்கு அப்படியல்ல. இரண்டு வாத்தியங்களிலும் வாயில் வைக்கும் முனையின் அடியில் மெல்லிய நாணல் பட்டை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். கீழுதட்டை மடித்து மெத்தை போல அந்தப் பட்டைக்குக் கொடுக்க வேண்டும். மேல் முன்பற்களை முனையின் மீது ஊன்ற வேண்டும். மூச்சு போகும்போது பட்டை அதிரும். அந்த அதிர்வுதான் நாதம். ஊன்றுகிற பல் ஆடினால் அதிர்வு முழுவதும் ஈறுக்குள் இறங்கும்.

வியாழக்கிழமை வந்தால் இரண்டையும் பிடுங்கிவிடலாம் என்று பெங்களூர்ப் பல் டாக்டர் சொல்லியிருந்தார். பொய்ப்பல் கட்டிக்கொண்டு வாசிக்கிறவர்கள் உண்டு. "வாசிக்கலாம். ஆனா அது என் சத்தமா இருக்காது" என்பார் ஷௌகத் அலி. அறுபத்திரண்டு வயதாகியும் அந்தச் சத்தம் ஓர் இசைத்தட்டிலும் பதிவாகியிருக்கவில்லை. உலகச் சண்டைக் காலத்தில் பெங்களூர் கண்டோன்மெண்ட் நடன அரங்குகளில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விடிய விடிய அவர் ஜாஸுக்கு ஆடினார்கள். சிப்பாய்கள் போனார்கள், அரங்குகள் மூடின, அவர் மனைவியின் ஊரான கிருஷ்ணகிரிக்கு வந்து கல்யாண பேண்டு நடத்தினார்.

அந்த பேண்டில் டிரம் அடிப்பவர் கரியப்பன். காவேரிப்பட்டினத்துத் தவில்காரர். முகூர்த்தத்துக்குத் தவில், ஊர்வலத்துக்கு டிரம் என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாக இரண்டு பிழைப்பும் அவருக்கு ஒன்றாகவே ஓடின. ஊர்வலமில்லாத நாள்களில் மாஸ்டர் ஷௌகத் அலி ஜாஸ் வாசிப்பார், இவர் கூட அடிப்பார். ஜாஸ் கரியப்பனுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. பாட்டு ஒன்று, அதற்குக் கணக்கு ஒன்று. கணக்கை மனசில் ஓடவிட்டு, பாட்டை விட்டு எவ்வளவு தூரமும் போகலாம், இடம் வந்ததும் எல்லோரும் ஒன்றாகத் திரும்பிவிட வேண்டும். இதைத்தானே தவிலில் அப்பாவிடம் அடி வாங்கிக் கற்றோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் பாடும் லாங் பிளே தட்டு வந்த புதிது. பெங்களூரில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தப்பன், டேப் மெஷின் ஒன்றோடு வந்து இறங்கினார். சிப்பாய்க் காலத்தில் அரங்கு வாசலில் நின்று ஷௌகத் அலியைக் கேட்டவர். ஆட்கள் முன்னால் வாசிப்பதை அப்படியே பிடித்து, கைதட்டலோடு தட்டாக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

இடம் தேடியதும் அவர்தான். பள்ளிக்கூட ஹாலில் கை தட்டிப் பார்த்தார். சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. சினிமாக் கொட்டகையில் தகரக் கூரையும் கூடவே அதிர்ந்தது. கடைசியில் பழையபேட்டையில் அப்துல் சலாமின் புளி மண்டிக்குள் நுழைந்து கை தட்டினார். சத்தம் போன இடம் தெரியவில்லை. நான்கு சுவரிலும் கூரை வரைக்கும் புளி மூட்டை. சாக்கும் புளியும் சத்தத்தைக் குடித்துவிடும், திருப்பித் தராது.

"இதுதான் ஸ்டுடியோ" என்றார் கோவிந்தப்பன்.

"என் புளிய ஸ்டுடியோன்னு சொன்ன மொத ஆளு நீதான்யா" என்றார் சலாம்.

மைக் ஒன்றே ஒன்று. உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கியது. எந்தச் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டுமோ, ஆளை அவ்வளவு தூரத்தில் உட்கார வைப்பதுதான் வழி. ஷௌகத் அலிக்கு மூன்றடி. பெங்களூரிலிருந்து வந்த கிதார்காரருக்கு நாலடி. கரியப்பனைப் பத்தடி தள்ளி, டிரம்முக்கு அடியில் காலிச் சாக்கு போட்டு உட்கார வைத்தார்கள்.

"என்னங்க, மாமியார் ஊட்டுக்குக் கடன் கேட்டு வந்த மாப்ளயாட்டம் இவ்ளோ தூரம் ஒதுக்கிட்டீங்க?" என்றார் கரியப்பன்.

"உன் கை அப்படி. அங்கிருந்தே அடி, ஓசூருக்குக் கேக்கும்" என்றார் ஷௌகத் அலி.

பல் பிடுங்குவதற்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டி நிறைந்துவிட்டது. வியாபாரிகள், மூட்டை தூக்குகிறவர்கள், புளியில் கொட்டை எடுக்கும் பெண்கள், பெங்களூரிலிருந்து பழைய ரசிகர்கள் ஏழெட்டுப் பேர். முன்வரிசையில் ஷௌகத் அலியின் மனைவி சுக்ரா, மடியில் உப்புத் தண்ணீர்ச் செம்போடு. கோவிந்தப்பன் எழுந்து, கை தட்டலாம், சிரிக்கலாம், ஆனால் இருமல், தும்மல், பேச்சு கூடாது என்று தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் சொன்னார்.

டேப்பை எத்தனை தரம் வேண்டுமானாலும் அழித்துப் பதியலாம். ஷௌகத் அலியின் வாயைத்தான் அப்படிச் செய்ய முடியாது. ஒரு மாதமாக வீட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தார். முக்கால் மணி நேரம் வாசிக்கலாம். அதற்கு மேல் ரத்தம். முக்கால் மணி என்றால் தட்டுக்கு இரண்டு பக்கம், சரியாக. இன்னொரு தடவை கிடையாது. கரியப்பனுக்கு இது தெரியும்.

முதல் பக்கம் சாக்ஸபோன். நன்றாகவே போனது. கொட்டை எடுக்கும் மாரம்மா, "எருமை கத்தறாப்ல ஆரம்பிச்சு என்னாமா கொழையுது பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது கைதட்டலுக்குள் அமுங்கிப்போனது.

இரண்டாம் பக்கம் கிளாரினெட். இருபது நிமிஷமும் ஒரே உருப்படி. பாதி தாண்டியதும் கிதார் நின்றது. கரியப்பனும் குச்சிகளைத் தூக்கிக்கொண்டார். ஷௌகத் அலி மட்டும் கீழ் ஸ்தாயிக்கு இறங்கினார். கிளாரினெட்டின் அடிக்குரல், பக்கத்தில் தூங்குகிற குழந்தை விழிக்காதபடி பேசுவதுபோல இருந்தது. ஒரு வரி சொன்னார். மூச்சுக்கு நிறுத்தினார். மண்டி முழுக்க அசையாமல் இருந்தது.

அந்த நிறுத்தத்தில் அப்துல் சலாம் தும்மினார்.

பாவம், ஐந்து நிமிஷமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழிய அடக்கியிருந்தார். அடக்கிய தும்மல் வெடித்துத்தான் வரும். அதுவும் ஒற்றைத் தும்மல்.

தாலி கட்டும் நேரத்தில் ஒற்றைத் தும்மல் கேட்டால் என்ன செய்வார்கள் என்று கல்யாணத்துக்குப் போன எல்லோருக்கும் தெரியும். கேட்கவே விடமாட்டார்கள். பெரியவர் ஒருவர் விரலைத் தூக்குவார், மேளம் உச்ச வேகத்தில் கொட்டும், தும்மலோ அழுகையோ அபசகுனப் பேச்சோ அதில் மூழ்கிவிடும். தும்மலைக் கண்டுபிடிக்க விரலுக்காகக் காத்திருப்பவன் நல்ல தவில்காரன் அல்ல. கரியப்பன் நல்ல தவில்காரர். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தும்மலை மூடியிருக்கிறார். கை தலையிடம் கேட்கவில்லை. இரண்டு குச்சியும் இறங்கின. புளி மண்டிக்குள், தொங்கும் மைக்குக்குக் கீழே, கெட்டிமேளம் கொட்டியது.

நான்கு விநாடி. அப்புறம்தான் தன் கைகளைப் பார்த்தார். குச்சிகளைச் சட்டென்று தூக்கிக்கொண்டார்.

கூட்டத்தில் ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். ஷௌகத் அலி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முதுகு ஒரு மூச்சு அளவுக்கு ஏறி நின்றது. கிளாரினெட்டின் பின்புறம் இடது கட்டைவிரலுக்கு ஒரு சாவி உண்டு. அதைத் திறந்தால் சுரம் ஒரு ஸ்தாயியோடு நிற்காது, அதற்கும் மேலே ஐந்து சுரம் தாவும். தாவியது. அதே வரி, உச்சியில், கெட்டிமேளத்தின் வேகத்தில். கிதார்காரர் பதறிப் பிடித்துக்கொண்டார். கரியப்பனும் அடித்தார், என்ன அடித்தோம் என்று பிறகு கேட்டால் சொல்லத் தெரியாது. முடிந்தபோது ஜனம் எழுந்து நின்று கை தட்டியது.

ஷௌகத் அலி கிளாரினெட்டைச் சுக்ராவிடம் கொடுத்தார். முனையில் ரத்தம். செம்பை வாங்கி வாய் நிறைய உப்புத் தண்ணீரை அடக்கிக்கொண்டு மூட்டை மேல் சாய்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் கரியப்பன் நேராக மெஷினிடம் போனார். "வெட்டிடுங்க. டேப்ப வெட்டி ஒட்டலாம்னீங்களே."

கோவிந்தப்பன் பிளேடை எடுத்தார். விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடா. நான்கு விநாடிக்கு முப்பது அங்குலம். சாய்வாக வெட்டி, ஒட்டு நாடா போட்டுச் சேர்த்தால் காதுக்குத் தெரியாது.

"தும்மலையும் சேர்த்து வெட்டுங்கப்பா, மானம் போவுது" என்றார் சலாம்.

மூட்டைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஷௌகத் அலி வாயில் தண்ணீரோடு கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சரின்னு சொல்றார்" என்றார் சலாம்.

"ஐயோ, அது வேணாங்கற கையி. நாப்பது வருஷமா பாக்கறேன்" என்றார் சுக்ரா.

ஷௌகத் அலி எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். உதடு வீங்கியிருந்தது. "கரியப்பா, நீ கேட்டியா?"

"என்னத்தக் கேக்கறது மாஸ்டர்? உங்க ஒரே தட்டு. அதுல போயி நான்..."

"கேக்கல. அப்ப கேளு. கேட்டுட்டு வெட்டணும்னா வெட்டு. உன் கையிலயே பிளேடு குடுக்கச் சொல்றேன்."

கோவிந்தப்பன் நாடாவைப் பின்னால் ஓட்டி, காதில் மாட்டும் கருவியைக் கரியப்பன் தலையில் வைத்தார். தன் டிரம்மைத் தானே வெளியிலிருந்து கேட்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. அடிக்குரல் வரி வந்தது. நிறுத்தம். தும்மல். கண்ணை இறுக்கிக்கொண்டார். கெட்டிமேளம், ஒருத்தியின் சிரிப்பு. அப்புறம் மாஸ்டர் மூச்சு இழுக்கும் சத்தம்.

கோபத்தில் இழுத்த மூச்சு என்றுதான் அந்த முதுகைப் பார்த்தபோது நினைத்திருந்தார். விரல் தானாகத் தொடையில் கணக்குப் போட்டது. மேளம் நின்ற இடத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. மூச்சு சரியாக மூன்றில் விழுந்தது. நாலில் கிளாரினெட் தாவியது. ஒரு நூல் தள்ளவில்லை. மாஸ்டர் அந்த நான்கு விநாடியையும் பாட்டாகவே எண்ணியிருந்தார்.

"மறுபடி போடுங்க" என்றார்.

போட்டார். மூன்றாம் தடவை மேளத்தை மனசுக்குள் எடுத்துவிட்டுக் கேட்டுப் பார்த்தார். மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷர் காரணமில்லாமல் கத்துவதுபோல இருந்தது.

கருவியைக் கழற்றினார். கோவிந்தப்பன் பிளேடை நீட்டினார்.

"பேடா" என்றார் கரியப்பன். பதற்றத்தில் வீட்டில் பேசும் கன்னடம்தான் வந்தது. "வேணாங்க. வெட்டுனா மாஸ்டர் எதுக்கு மேல போறாருன்னே தெரியாது."

ஷௌகத் அலி தலையசைத்தார். சிரிக்க வாயெடுத்து, வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கோவிந்தப்பன் பிளேடைப் பெட்டியில் போட்டு, டேப் உறையின் மேல் பெயர்களை எழுத உட்கார்ந்தார். கிளாரினெட், சாக்ஸபோன்: ஷௌகத் அலி. டிரம்: கரியப்பன். சலாம் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா, தும்மலு இருக்கப் போவுதில்ல? அதுக்கு நேரா ஒரு பேரு வேணாமா?"

"மண்டின்னு போடறேன் பாய்."

"மண்டி தும்முமா? பேரப் போடு."

கரியப்பன் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, "போட்டுடுங்க" என்றார். "அவரு எடுத்துக் குடுத்தாரு. நான் அடிச்சேன்."